தாடிக்காரரின் இடது கை

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நான் நல்ல சுகம். உன் அம்மா அவள் கணக்குப்படி சுகம், டாக்டர் கணக்குப்படி சுமார், என் கணக்குப்படி இந்த ஊரில் இன்றைக்கு அவளைவிட சுகமான ஆள் கிடையாது. ஏன் என்று பொறுமையாகப் படித்தால் தெரியும். நீயும் மாப்பிள்ளையும் அங்கே ஒரு குறையும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறீர்கள் என்று நம்புகிறேன். உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது? கம்ப்யூட்டரைத் தூக்கி வை, நீ குனியாதே என்று போன தடவையே சொன்னேன். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவன் சொல்கிறேன், உட்காருவதில் செய்கிற தப்பை முதுகு மன்னிக்கவே மன்னிக்காது. போனிலேயே பேசாமல் இதென்ன கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் உன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, 'அதெல்லாம் எதுக்குங்க இப்ப, பெருசா ஒண்ணும் இல்ல' என்று பாதியிலேயே போனைப் பிடுங்கிக்கொள்வாள். எனக்கு இதைப் பெரிதாகத்தான் சொல்ல வேண்டும். இப்போது அவள் பக்கத்து வீட்டு டீச்சரோடு மாதாந்திர ரத்தப் பரிசோதனைக்குப் போயிருக்கிறாள். அவள் திரும்புவதற்குள் எழுதி முடித்து உறையை ஒட்டிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், அதனால் கையெழுத்து குதித்துக் குதித்துப் போனால் கோபித்துக்கொள்ளாதே.

முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஏழெட்டு மாதத்துக்கு முன்னால் நீ போனில் அழாத குறையாக, 'அப்பா, அம்மாவை அந்தப் பெயிண்டிங்க விடச் சொல்லுங்கப்பா, விரல் எல்லாம் வீங்கிப்போய் எதுக்கு இந்த வம்பு' என்று கேட்டாய் அல்லவா. நானும் சரி என்றேன். சரி என்றதோடு நிற்கவில்லை, மறுநாள் அவள் குளிக்கப் போன நேரத்தில் அவளுடைய வர்ணப் பெட்டியை எடுத்து பீரோவின் மேல் வைத்துவிட்டேன். அவளால் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது என்று தெரிந்தேதான் அங்கே வைத்தேன். இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. அவள் சண்டை போடுவாள் என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவளோ ஒன்பது நாள் ஜன்னல் ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். வலி குறையவில்லை பாப்பா, அதுதான் எனக்கு உறைத்தது. காலையில் பத்து மணி வரை விரல் மடங்காமல் இருந்தது அப்படியேதான் இருந்தது, முட்டி வீக்கமும் அப்படியேதான் இருந்தது, பேச்சு மட்டும் குறைந்துபோயிற்று. பத்தாம் நாள் நானே கேட்டேன், ஏன் இப்படி இருக்கிறாய் என்று. அதற்கு அவள், 'வரையாம இருந்தா வலிக்காதுன்னா நானே அதத் தூக்கிப் போட்டிருப்பேன். வலி எப்படியும் இருக்கப்போவுது. வலியோட சும்மா உக்காரணுமா, வலியோட ஒரு வேலையப் பாக்கணுமா, அவ்வளவுதான் கேள்வி' என்றாள். நான் ஸ்டூலைப் போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினேன். அதோடு நிற்காமல் தூரிகைகளின் பிடியில் எல்லாம் சைக்கிள் ஹேண்டில் ரப்பரை மாட்டிக் கெட்டியாக்கினேன், டிப்போவில் கழித்துப் போட்ட பஸ் சீட்டின் கைப்பிடி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து அவள் நாற்காலியில் முடுக்கினேன், முழங்கை அதில் நிற்கும். செய்த பாவத்துக்குச் சின்ன பரிகாரம்.

அதற்குப் பிறகுதான் இந்தப் பெரிய படம். அம்மா பத்தொன்பது வருஷம் தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை பார்த்தது உனக்குத் தெரியும், ஆனால் அங்கே என்ன செய்தாள் என்று நீ சரியாகக் கேட்டிருக்கமாட்டாய், நானும் கேட்டதில்லை. தோலில் முள் கிழித்த கோடு, உண்ணி கடித்த புள்ளி, கொம்பு குத்திய தழும்பு இதெல்லாம் இருக்கும், அதே நிறத்தைக் கலந்து தடவி அவற்றை மறைக்க வேண்டும், அதுதான் வேலை. 'கலர் அக்கா கை பட்டா மாட்டுக்கே அடையாளம் தெரியாது' என்று அங்கே கேலி பண்ணுவார்களாம். முடக்குவாதம் வந்து விரல் ஓடாமல் போனதும் அவர்களே பூங்கொத்து கொடுத்து அனுப்பிவைத்தார்கள். இப்போது அவள் செய்வது நேர் தலைகீழ் வேலை. தழும்பு உள்ள தோலாகத் தேடி எடுத்து, அந்தத் தழும்பை மறைக்காமல் படத்துக்குள்ளேயே இழுத்துக்கொள்கிறாள். நம் ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் உட்காரும் ஸ்வெட்டர் அக்காவைப் பற்றி உனக்குச் சொல்லியிருப்பாள், கொளுத்துகிற வெயிலிலும் பச்சை ஸ்வெட்டரைக் கழற்றாத அம்மாள், அம்மாவுக்கு இருக்கிற அதே வியாதி, இருபது வருஷ சீனியர். அந்த அம்மாளுக்குக் கழுத்தில் பழைய ஆபரேஷன் தழும்பு ஒன்று உண்டு. அந்தத் தழும்புக்குப் பொருத்தமான தோலைத் தேடி மூன்று வாரம் பட்டறைக் கொல்லையில் கழிவுக் குவியலை என்னைப் புரட்டவைத்தாள் உன் அம்மா. நான் ஒவ்வொன்றாக விரித்துக் காட்ட வேண்டும், அவள் ஸ்டூலில் உட்கார்ந்து 'இல்ல, அடுத்தது' என்பாள். பெண் பார்க்கப் போன காலத்தில் நான்கூட அத்தனை பேரைக் கழிக்கவில்லை. கடைசியில் கிடைத்தது, சரியாக அந்த நீளம், அந்த வளைவு. அதைப் பலகையில் இழுத்து அடித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, தண்ணீர் போல மெல்லிய வர்ணத்தை ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றி, ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம், பதினொன்றிலிருந்து ஒன்று வரை, அதற்கு மேல் விரல் கேட்காது, நாலரை மாதம் வரைந்தாள். ஸ்வெட்டர் அக்கா ஆஸ்பத்திரி பெஞ்சில் டோக்கன் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கூப்பிடுவார்களா என்று பார்க்கிற படம். தோலிலேயே மயிர்க்கால்கள் இருப்பதால் கன்னத்தைப் பார்த்தால் தொட்டுப் பார்க்கத் தோன்றும். ஸ்வெட்டரில் நூல் பிரிந்த இடம்கூட இருக்கிறது. அந்த அம்மாள் வந்து படத்தில் இருந்த தழும்பைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, 'நான் இவ்வளவு நேரமா காத்துக்கிட்டிருக்கேன்னு எனக்கே தெரியாது' என்றார். நான் டீ போடுகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

இந்தப் படத்தை ஊர் ஓவியச் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சிக்குக் கொடுத்தோம். பத்து நாளில் கடிதம் வந்தது, 'தங்கள் படைப்பு கைவினைப் பொருள்கள் பிரிவுக்கு மாற்றப்பட்டுள்ளது' என்று. நேரில் போய்க் கேட்டோம். சங்கத்தின் செயலாளர் நரைத்த தாடி வைத்தவர், மரியாதையான ஆள்தான், ஆனால் பேசும்போது நம்மைப் பார்க்காமல் நமக்குப் பின்னால் இருக்கிற சுவரைப் பார்ப்பார். தோல் என்றால் பை, பர்ஸ், அந்த வகையில்தான் சேர்க்க முடியும் என்றார். அம்மா, 'துணியில வரைஞ்சா துணிக்கடைக்கு அனுப்புவீங்களா' என்று கேட்டாள். அவர் உண்மையைச் சொல்லிவிட்டார். 'தப்பா நினைக்காதீங்கம்மா. இப்பல்லாம் போட்டோ எடுத்துத் தோல் மேல மெஷின்ல அடிச்சுத் தர்றாங்க. கமிட்டியில ரெண்டு பேருக்கு அந்தச் சந்தேகம் இருக்கு. உங்க கையையும் பார்க்கறோம்ல' என்றார். உங்க கையையும் பார்க்கிறோம் என்றால் என்ன அர்த்தம் பாப்பா, இந்தக் கை இதை வரைந்திருக்காது என்று அர்த்தம். எனக்குச் சுர்ரென்று ஏறியது, பஸ்ஸுக்குக் குறுக்கே வந்த ஆளைத் திட்டுகிற வார்த்தைகள் எல்லாம் வாய்வரை வந்துவிட்டன. அம்மா என் முழங்கையைத் தொட்டு அடக்கிவிட்டு, நிதானமாக, 'ஒரு நாள் குறிச்சுக் குடுங்க. தோல் நீங்களே கொண்டு வாங்க. உங்க முன்னாடியே வரையறேன்' என்றாள். பதினொரு மணிக்கு மேல் வைத்தால் நல்லது என்றும் கேட்டாள். அவர்கள் குறித்தது சனிக்கிழமை காலை ஒன்பது மணி.

உனக்குத் தெரியும், வார மாத்திரை வெள்ளிக்கிழமை போடுகிறாள், மறுநாள் முழுக்கக் குமட்டலும் தலை சுற்றலும்தான். இந்த ஒரு வாரம் மாத்திரையைத் தள்ளிப் போடு என்று கெஞ்சினேன். 'ஒரு நாள் படத்துக்காக ஒரு மாசத்துக் கையக் குடுக்கச் சொல்றீங்களா' என்று சொல்லிவிட்டு என் கண் முன்னாலேயே விழுங்கினாள். சனிக்கிழமை விடிந்ததே மழையோடு. விரல் கணுக்கள் சிவந்துவிட்டன, ஜாக்கெட் கொக்கியைக்கூட நான்தான் மாட்டிவிட்டேன். வேண்டாம், கைவினைப் பிரிவிலேயே இருக்கட்டும், யார் என்ன சொன்னால் என்ன என்றேன். அவள் செருப்பைத் தேடினாள். வெந்நீர் பிளாஸ்க், சின்ன பேசின், துண்டு, வர்ணப் பெட்டி, தூரிகைகள், ஒரு சுருள் நாடா, அந்த பஸ் சீட் கைப்பிடி உள்பட எல்லாவற்றையும் நாற்காலியோடு வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். வண்டிக்காரர் வீடு மாற்றுகிறீர்களா என்று கேட்டார்.

சங்கக் கட்டடம் மாடியில், இருபத்து நாலு படி. ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று ஏறினாள். உள்ளே கமிட்டிக்காரர்கள் நாலு பேர், தாடிக்காரரையும் சேர்த்து. செருப்பு தைப்பவரிடம் வாங்கி வந்த தோல் துண்டு ஒன்றை மேஜையில் வைத்திருந்தார்கள். அம்மா அதை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, 'இது மேல மெழுகு பூச்சு இருக்கு, இதுல வர்ணம் நிக்காது, முதல்ல அத எடுக்கணும்' என்று சொல்லி ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைக்க ஆரம்பித்தாள். அதிலேயே அரை மணி போயிற்று. நடுநடுவே கையை வெந்நீரில் வைத்தாள். பிறகு தூரிகையை எடுத்தாள், விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன், மறுபடியும் விழுந்தது. ஒருத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருத்தர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், அது இன்னும் மோசம். முப்பத்தோரு வருஷத்தில் மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் போனபோதுகூட நான் இப்படிப் பயந்ததில்லை. அம்மா என்னைப் பார்த்து, 'அந்த நாடாவ எடுங்க' என்றாள். தூரிகையை உள்ளங்கையோடு சேர்த்து வைத்து நாடாவால் சுற்றிக் கட்டினேன். விரல் பிடிக்க வேண்டியதில்லை, இனி மணிக்கட்டும் முழங்கையும்தான் வேலை. பிறகு அவள் தாடிக்காரரைப் பார்த்து, 'உங்க இடது கைய இப்படி மேஜை மேல வைங்க சார், அசைக்காதீங்க' என்றாள். அவர் எதிர்பார்க்கவில்லை, ஆனாலும் வைத்தார்.

பாப்பா, அதற்கப்புறம் நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முதல் கால் மணி நேரம் தோலில் ஏதோ அழுக்குத் தடவியது போலத்தான் இருந்தது. பிறகு அழுக்குக்குள்ளிருந்து ஒரு விரல் வந்தது. பிறகு அந்த விரலுக்கு நகம் வந்தது, நகத்தின் ஓரத்தில் அவர் கடித்த இடம் வந்தது. மோதிரம் வந்தது, மோதிரத்துக்கு இரண்டு பக்கமும் பிதுங்கிய சதை வந்தது. கடிகாரத்தைப் பார்த்தவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்துவிட்டார். ஜன்னலைப் பார்த்தவர் அம்மாவின் தோளுக்குப் பின்னால் மூச்சுவிடாமல் நின்றார். கமிட்டியில் ஒரு அம்மாள், ஓவிய ஆசிரியையாக இருந்தவராம், பேசினைத் தானே எடுத்துப் போய் வெந்நீர் மாற்றிக்கொண்டு வந்தார். ஒன்றே முக்கால் மணி நேரம். முடித்துவிட்டு அம்மா நாடாவை அவிழ்க்கச் சொன்னாள். மேஜை மேல் ஒரு கை, தோல் மேல் ஒரு கை, இரண்டும் ஒன்றே. ஜன்னல்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். 'நாமதான் மன்னிப்புக் கேக்கணும்' என்றார்.

ஆனால் தாடிக்காரர் அதைக் கவனிக்கவே இல்லை. தோலில் இருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார். 'என் விரல் இப்படியா வீங்கியிருக்கு' என்று மெதுவாகக் கேட்டார். அம்மா, 'நான் இல்லாத எதையும் வரையல சார்' என்றாள். மோதிரம் கழற்றி எத்தனை நாளாயிற்று என்று கேட்டாள். அவர் ஒரு வருஷம் இருக்கும், உடம்பு போட்டுவிட்டது என்றார். 'காலைல எழுந்ததும் கைய மடக்க முடியுதா' என்று கேட்டாள். அந்த அறையில் அத்தனை பேர் இருந்தும் அவர் பொய் சொல்லவில்லை. 'பத்து மணி வரைக்கும் சட்டை பட்டன் போட முடியல. வயசுன்னு நினைச்சேன். வீட்ல யாருக்கும் சொல்லல' என்றார். முதல் தடவையாகச் சுவரைப் பார்க்காமல் அவளைப் பார்த்துப் பேசினார். அம்மா தன் இரண்டு கையையும் அவர் கைக்குப் பக்கத்தில் மேஜை மேல் வைத்தாள். 'நானும் வயசுன்னுதான் ரெண்டு வருஷம் விட்டேன். அப்ப எனக்கு நாப்பத்தஞ்சுகூட ஆகல. விட்டதுதான் இது. நீங்க விட்டுடாதீங்க, இந்த வாரமே ரத்தம் எடுத்துப் பாருங்க' என்று சொல்லி, நம் டாக்டருடைய விலாசத்தை என்னை எழுதிக் கொடுக்கச் சொன்னாள். சந்தேகப்பட்டவரை மடக்கிக் காட்டுவாள், நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கலாம் என்று போனவன் நான். அவளோ அந்த மனுஷனின் கையைப் பிடித்து ஒவ்வொரு கணுவாக அழுத்தி, இங்கே வலிக்கிறதா, இங்கே வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

படம் ஓவியப் பிரிவுக்கு வந்தது. வந்ததோடு இல்லை, முதல் அறையில், உள்ளே நுழைந்ததும் எதிரே தெரிகிற சுவரில் மாட்டினார்கள். பரிசு கொடுப்பதற்கு வெளியூரிலிருந்து மூன்று நடுவர்கள் வந்தார்கள், அவர்களுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது, தெரியக்கூடாது என்று அம்மாவே சொல்லிவிட்டாள். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு படம். முதல் பரிசு உன் அம்மாவுக்கு. பெயரைக் கூப்பிட்டபோது பக்கத்தில் இருந்த நான் பதற்றத்தில் எழுந்து நின்றுவிட்டேன், எல்லாரும் நான்தான் ஓவியர் என்று நினைத்து எனக்குக் கை தட்டினார்கள். அம்மா என் சட்டையை இழுத்து உட்காரவைத்துவிட்டுத் தான் எழுந்து போனாள். மேடையில் கேடயத்தைக் கொடுக்க வந்தவர் அவளுக்குக் கனமாக இருக்கும் என்று கையை எடுக்கவே இல்லை, அவரும் அவளுமாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஸ்வெட்டர் அக்கா அன்றைக்கும் பச்சை ஸ்வெட்டரோடுதான் வந்தார், தன் படத்துக்குப் பக்கத்திலேயே மாலை வரை நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் 'இது நான்தான்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். பட்டறையிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் எட்டுப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். முதலாளியும் வந்தார், படத்தில் கழுத்துத் தழும்பைக் கிட்டத்தில் போய்ப் பார்த்துவிட்டு, 'கலர் அக்கா, இந்தத் தோல நானில்ல குப்பைல போட்டேன்' என்றார். இனிமேல் தழும்பு உள்ள தோல் வந்தால் தனியாக எடுத்து வைக்கிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறார். என் முதுகு பிழைத்தது.

சந்தோஷத்தை மட்டும் எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் மற்றதையும் எழுதுகிறேன். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு ஆறு நாள் அம்மாவால் ஒரு டம்ளரைத் தூக்க முடியவில்லை. நான்தான் ஊட்டிவிட்டேன், தலை வாரிப் பின்னினேன், என் பின்னல் பஸ் போகிற மலைப்பாதை மாதிரி இருக்கிறது என்று கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். அந்த வாரம் நீ போன் செய்தபோதெல்லாம் அம்மா குளிக்கிறாள், தூங்குகிறாள் என்று சொன்னது பொய். மன்னித்துவிடு. வலது கட்டை விரல் இனி முன்போல வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டு வெளியே வந்ததும் நான் முகத்தைத் தொங்கப் போட்டேன், அவள், 'நாடா இருக்குல்ல' என்றாள். தாடிக்காரர் போன வாரம் வீட்டுக்கு வந்தார், மனைவியையும் அழைத்துக்கொண்டு. ரத்தப் பரிசோதனையில் அம்மா சந்தேகப்பட்டதேதான், முடக்குவாதம். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம், மருந்து ஒழுங்காகப் போட்டால் கை கோணாமல் காப்பாற்றிவிடலாம் என்று டாக்டர் சொன்னாராம். அவர் மனைவி உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. தாடிக்காரர் அந்தக் கைப் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார், சங்கத்துச் சுவரில் மாட்டத்தான் என்று நினைத்தேன், இல்லையாம், வீட்டில் மாத்திரை டப்பாவுக்கு மேலே மாட்டப்போகிறாராம்.

அதனால் பாப்பா, இனிமேல் அம்மாவைப் படம் வரைவதை விடச் சொல்லுங்கள் என்று என்னிடம் கேட்காதே. கேட்டாலும் நான் சொல்லப்போவதில்லை. நீ கவலைப்படுவது அன்பினால் என்று அவளுக்கும் தெரியும். அவள் கையைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் என்ன வரைகிறாய் என்று ஒரு தடவை கேட்டுப் பார், குரல் எப்படி மாறுகிறது என்று கவனி. கண்காட்சி அடுத்த மாதக் கடைசி வரை இருக்கிறது, லீவு கிடைத்தால் இரண்டு பேரும் வாருங்கள், கிடைக்காவிட்டால் மனதைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக, நீண்ட காலம் நிறைவாக வாழ வேண்டும் என்று அப்பாவும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம்.

ஒன்று மறக்காதே. அடுத்த தோல் பலகையில் ஏறிவிட்டது, அது நீ. அதற்கு உன் முகத்தின் போட்டோ ஒன்று வேண்டுமாம். ஜன்னல் வெளிச்சத்தில், நேராகப் பார்த்து, சிரிக்காமல், பவுடர் போடாமல், கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தால் இருந்தபடியே எடுத்து அனுப்ப வேண்டுமாம். 'எவ்வளவு களைச்சிருக்கான்னு போன்ல சொல்லமாட்டா, நான் வரைஞ்சு பாத்துக்கறேன்' என்கிறாள். வாசலில் வண்டிச் சத்தம் கேட்கிறது, அவள்தான்.

என்றும் உன் நினைவாக,
உன் அப்பா